கமலை வாலைத் தைத்தவர்கள்



சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நம் மோட்டார் சென்ற காலாண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மக்கர் பண்ணியது உங்களுக்கு நினைவிருக்கும். ஆறரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய புலம்பல் பதினொரு மணி வரை ஓயவில்லை. பிறகு மெக்கானிக் வந்தார். பம்பைப் பிரித்தார். தேய்ந்துபோன சீல் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அரை மணி நேரத்தில் எல்லோர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வந்தது. கழற்றிப் போட்ட பழைய சீலை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வளையம். அது கசிந்ததால் இத்தனை வீடுகள் குளிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பையன் ஒருவன், "தாத்தா, மோட்டார் இல்லாத காலத்துல தண்ணி எப்படி மேல வந்துச்சு?" என்று கேட்டான். அவனுக்கு அங்கேயே இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பதிலில் முக்கியமான ஒரு ஆளை விட்டுவிட்டேன் என்று தோன்றியது. விட்டதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கண்மாயும் கிணறும்

நம் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியும். மேற்கே மலை. மழை பெய்தால் ஓடைகள் கண்மாய்களை நிரப்பும். கண்மாயில் தண்ணீர் இருக்கும்வரை வயலுக்குக் கவலையில்லை. கண்மாய் வற்றிய பிறகு கிணறுதான் கதி. அப்படிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து விவசாயம் செய்யும் நிலத்தைத்தான் நம் ஊர்களில் தோட்டம் என்றார்கள். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1985-ல் நாம் தனி மாவட்டமானோம். தாலுகா எந்த மாவட்டத்தில் இருந்தாலும், பெரிய கிணறுகளில் தண்ணீர் இறைத்தது கமலைதான். கொங்கு நாட்டுக்காரர்கள் இதையே கவலை என்பார்கள்.

எனக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் மேற்கே தள்ளி இருந்த எங்கள் ஊரில் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் இருந்தன. 1960-களின் கடைசியில் அந்தக் கிணற்றில் கமலை ஓடியதைப் பார்த்தவன் நான்.

கமலை என்பது இதுதான். கிணற்றின் ஓரத்தில் இரண்டு கால்கள் நட்டு, அவற்றுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சக்கரம். அதற்குக் கீழே, கிணற்றின் விளிம்பில், படுக்கை வசத்தில் ஒரு உருளை. மேல் சக்கரத்தின் வழியாக ஒரு தடித்த கயிறு போகும். அதற்குப் பெயர் வடம். ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேருக்குப் பிடிக்கிறோமே, அதே சொல்தான். வடத்தின் முனையில் கூனை தொங்கும். கூனை என்பது நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் பெரிய பாத்திரம். ஆதியில் முழுக்கத் தோலால் ஆன பை. என் காலத்தில் இரும்புத் தகட்டுக் கூனை வந்துவிட்டது.

கூனைக்கு அடியில் ஓட்டை உண்டு. அந்த ஓட்டையில் ஒரு தோல் குழாய் கட்டியிருக்கும். அதுதான் வால். யானையின் துதிக்கை மாதிரி, மேலே அகலமாகவும் நுனிக்கு வரவரக் குறுகியும் இருக்கும். வாலின் நுனியில் ஒரு மெல்லிய கயிறு. அது கீழ் உருளையின் மேல் ஓடும். வடம், வால் கயிறு இரண்டையும் மாட்டின் நுகத்தடியோடு பிணைத்திருப்பார்கள்.

மாடுகள் கிணற்றிலிருந்து விலகி, சரிவாக வெட்டிய பாதையில் இறங்கும். கூனை மேலே வரும். வால் மடங்கி, அதன் வாய் கூனையின் விளிம்பு உயரத்துக்குத் தூக்கியே இருப்பதால் தண்ணீர் கொட்டாது. கிணற்றின் விளிம்புக்கு வந்ததும் வாலின் வாய் கீழ் உருளையின் மேல் ஏறித் தொட்டிக்குள் நீளும். கூனை மட்டும் இன்னும் மேலே, சக்கரம் வரை போகும். வால் நிமிரும். தண்ணீர் மொத்தமும் வால் வழியாகத் தொட்டியில் இறங்கி வாய்க்காலுக்குப் போய்விடும். பிறகு மாடுகள் பின்னோக்கி நடந்து பழைய இடத்துக்கு ஏறும். மாடு இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். அவருடைய எடையும் இழுவைக்கு உதவும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வட இந்தியாவில் பல இடங்களில் வால் இல்லாத வெறும் தோல் பையைப் பயன்படுத்தினார்கள். அங்கே மாடு ஓட்ட ஒருவர், மேலே வந்த பையைப் பிடித்துக் கவிழ்க்க இன்னொருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். தக்காணத்திலும் தெற்கிலும் வால் வைத்ததால் பை தானே தன்னைக் காலி செய்துகொண்டது. ஒரு ஆளின் வேலை மிச்சமானது. அந்த மிச்சத்தை நமக்குக் கொடுத்தது தைத்த தோல்.

தையலின் கணக்கு

வால் தைப்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் தோட்டத்துக்கு வால் தைக்க ஒரு பெரியவர் வருவார். வேப்பமரத்தடியில் உட்காருவார். அவரிடம் இருந்த கருவிகள் மிகக் கொஞ்சம். தோல் வெட்டும் கத்தி ஒன்று, குத்தூசி ஒன்று, தட்டுவதற்கு ஒரு கட்டை. நூல் கிடையாது. தோலிலிருந்தே நீளமாகச் சீவி எடுத்த வார்தான் அவருக்கு நூல்.

தோலை முதலில் ஊறவைப்பார். ஊறிய தோலைச் சரிவாக வெட்டுவார். மேல்பக்கம் அகலம், கீழ்ப்பக்கம் குறுகல். இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, குத்தூசியால் துளை போட்டு, வாரைக் கோத்து இழுப்பார். துளை பெரிதாகிவிட்டால் கசியும். மிகச் சிறிதானால் வார் நுழையாது, இழுக்கும்போது அறுந்துவிடும். துளைகள் நெருங்கிவிட்டால் அந்த வரிசையிலேயே தோல் கிழியும். தள்ளிப்போனால் இடைவெளியில் தண்ணீர் பீச்சும். இந்த அளவெல்லாம் அவர் கையில் இருந்தது. அளவுகோல் எதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. தைத்து முடித்ததும் விளக்கெண்ணெய் தடவி நன்றாகத் தேய்ப்பார். தண்ணீரில் இறங்கியதும் வார் ஊறிப் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும்.

புதுசாகத் தைப்பதைவிட ஒட்டுப் போடுவதுதான் அடிக்கடி வரும் வேலை. உருளையில் உராயும் இடத்தில் வால் தேயும். கோடையில் கிணறு வற்றிச் சும்மா கிடந்தால் காய்ந்து வெடிக்கும். கிழிந்த இடத்துக்கு உள்பக்கமாக ஒரு துண்டு வைத்துச் சுற்றிலும் தைப்பார். வாலைத் தூக்கிப் பிடித்து உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி குத்தூசியை எடுப்பார்.

சமீபத்தில் என் பேத்தி கணினியில் ஒரு பழைய ஐரோப்பிய வாத்தியத்தைக் காட்டினாள். பெயர் கார்னெட்டோ. நம் கோயில் ஊர்வலங்களில் ஊதும் கொம்பைப் போல லேசாக வளைந்தது. நம் கொம்பு உலோகம். அது மரம். வளைந்த மரத்துக்குள் நேராகத் துளை போட முடியாது என்பதால், மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய இடத்தில் காற்று கசியக் கூடாதே என்று அதன்மேல் மெல்லிய தோலை இறுக்கமாகப் போர்த்துவார்கள். நானூறு, ஐநூறு வருடங்களுக்கு முன் அங்கே தேவாலயங்களில் அதை ஊதினார்கள். தோல் உரிந்தால் காற்று கசியும், சுருதி போய்விடும். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் வேப்பமரத்தடிதான் நினைவுக்கு வந்தது. அங்கே காற்று, இங்கே தண்ணீர். இரண்டையும் அடைத்து வைத்தது ஒரு தோலும் அதை இழுத்து மூடிய கையும்.

பி.காம். படித்தவன் என்பதால் ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு கூனைக்கு 100 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு கூனை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6,000 லிட்டர். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் ஒரு மணி நேரக் கமலை 44 பேருக்கு ஒருநாள் தண்ணீர். ஆனால் ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இறைத்தாலும் அதற்கு மூன்றரை நாள் ஆகும்.

இப்போது வாலில் ஒரு தையல் விட்டுப்போய், கூனைக்கு 5 லிட்டர் மட்டும் கசிகிறது என்று வையுங்கள். மணிக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 1,500 லிட்டர். மாதத்துக்கு 45,000 லிட்டர் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விழும். மாடு இழுத்தது வீண், ஆள் நடந்தது வீண். கடைசி மடையில் நிற்கும் மிளகாய்ச் செடி வாடிவிடும். கிணறு வெட்டியவருக்கும் மாடு வாங்கியவருக்கும் ஆன செலவு அத்தனையும் அந்த ஒரு தையலை நம்பி இருந்தது.

களத்துச் சுதந்திரம்

அந்தப் பெரியவருக்கு என்ன சம்பளம் என்று கேட்பீர்கள். ரொக்கம் அபூர்வம். அறுவடை முடிந்து களத்தில் தவசம் குவிந்ததும், வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர், தோல் வேலை செய்பவர் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கு மரக்கால் கணக்கில் ஒரு பங்கு அளப்பார்கள். அந்தப் பங்குக்குப் பழைய பெயர் சுதந்திரம். ஆமாம், ஆகஸ்ட் 15-க்கு நாம் சொல்லும் அதே சொல்தான். பழைய வருவாய்த் துறைப் பதிவுகளில் கிராமத் தொழிலாளர்களுக்கு உரிய தவசப் பங்கு என்ற பொருளில் இந்தச் சொல் வருகிறது. செத்த மாட்டின் தோலும் தோல் தொழிலாளிக்கு உரியது. பதிலுக்கு அவர் கமலை வால், நுகத்துக்கு வார், சாட்டைக்கு வார், வீட்டாருக்குச் செருப்பு எல்லாம் செய்து தர வேண்டும். எத்தனை முறை வால் கிழிந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டும். இன்றைய பேச்சில் சொன்னால் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒரு வித்தியாசம், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு மட்டுமே பேசியது.

தென் மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இன்று அருந்ததியர் என்று அழைக்கப்படும் சமூகத்தினர். பலர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் வேப்பமரத்தடிப் பெரியவரும் அப்படித்தான்.

இனி எழுதப்போவது எனக்கு எழுதச் சுலபமாக இல்லை. அவருக்கு அப்போது அறுபது வயதாவது இருக்கும். எனக்கு ஏழோ எட்டோ. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வா, போ என்றுதான் பேசினேன். அவர் என்னைச் சின்னய்யா என்றார். யாரும் என்னைத் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

வேலை முடிந்ததும் வாலைக் கூனையில் கட்டி ஒருமுறை இறைத்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கசியாமல் தொட்டியில் விழும். நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் அதில் கை நனைப்போம், குடிப்போம். அவர் மட்டும் தொட்டிப் பக்கம் வரமாட்டார். வாய்க்கால் ஓரமாகத் தள்ளி நின்று இரண்டு கையையும் குவிப்பார். அம்மா செம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். அவர் தைத்த தோலின் வழியாக வந்த தண்ணீர் எங்களுக்குத் தீட்டு இல்லை. அவர் கை பட்டால் தீட்டு. இதை அன்று நான் பார்த்தேன். புரிந்துகொள்ள எனக்கு இன்னும் இருபது வருடம் ஆனது.

சட்டம் அதற்கு வெகு முன்பே வந்திருந்தது. பொதுக் கிணறு, சாலை போன்றவற்றில் யாரையும் விலக்கக் கூடாது என்று சென்னை மாகாணத்தில் 1938-லேயே சட்டம் செய்தார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கிணறுகளையும் குளங்களையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1949 முதல் 1952 வரை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் நம் ராஜபாளையத்து பூ. ச. குமாரசாமி ராஜா. அவர் காலத்தில்தான் அந்த அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கும் பல வருடங்கள் கழித்து, அவர் ஊருக்கு ஒரு கூப்பிடு தூரத்தில், எங்கள் தோட்டத்தில் அந்தச் செம்பு உயரத்தில் இருந்துதான் ஊற்றியது.

தோலைப் பற்றி யோசித்தவர்கள்

கமலைத் தோலைப் பற்றி அரசாங்கம் ஒருகாலத்தில் தீவிரமாக யோசித்தது என்றால் நம்புவீர்களா? ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் பேராசிரியராகவும் பிறகு கலைத் தொழிற்கல்லூரியின் பொறுப்பாளராகவும் இருந்தார். சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். கிணற்றுப் பாசனத்தை ஆராய்ந்த அவர், கவலைத் தோல் சீக்கிரம் கெட்டுப்போவதைக் கவனித்தார்.

நம் நாட்டு முறையில் ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் தோலைப் பதனிடுவார்கள். எப்போதும் தண்ணீரில் கிடக்கும் தோலிலிருந்து அந்தச் சாரம் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறிவிடும். குரோமியம் உப்பால் பதனிட்ட தோலுக்கு அந்தக் குறை குறைவு. ஆகவே 1903-ல் அவர் சென்னையில் குரோம் தோல் சோதனையைத் தொடங்கினார். நோக்கங்களில் முக்கியமானது கவலைக்கான தோல். தென்னிந்தியாவில் குரோம் தோல் தொழிலின் தொடக்கத்தில் நம் கமலை வால் இருக்கிறது. ஷூ, கைப்பை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

அரசே தொழிற்சாலை நடத்துவது சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் லண்டனில் இந்திய விவகார அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று எழுதிவிட்டார். குரோம் தோல் ஆலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. ஆனால் தொழில் நிற்கவில்லை. தனியார் எடுத்து நடத்தினார்கள். 1948-ல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோலுக்கு ஆராய்ச்சி நிலையம், ஏற்றுமதி, அந்நியச் செலாவணி எல்லாம் கிடைத்தன. தோலைத் தைத்த கிராமத்து மனிதருக்குக் களத்தில் அதே மரக்கால்தான்.

மோட்டார் வந்தது

பிறகு மின்சாரம் வந்தது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்கத் தொடங்கியது. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் கிராமங்களுக்கு மின்கம்பி வேகமாகப் பரவியது. 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. கிராமத்துக் கிளைகளில் பம்பு செட்டுக் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டத்திலும் 1970-களின் தொடக்கத்தில் மோட்டார் பொருத்தினோம். மாடு இரண்டும் விற்றாயிற்று. கூனை கொஞ்ச நாள் மாட்டுத் தீவனம் ஊறவைக்கப் பயன்பட்டது. வால் தொழுவத்துச் சுவரில் தொங்கிக் காய்ந்து விறைத்துப்போனது.

கணக்குப் பார்த்தால் மோட்டார் வந்தது நியாயம்தான். பத்து மீட்டர் ஆழத்திலிருந்து 6,000 லிட்டர் தண்ணீரைத் தூக்கத் தேவையான சக்தி ஒரு யூனிட் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால்கூட அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டு மாடும் ஒரு மனிதரும் ஒரு மணி நேரம் வேர்வை சிந்திச் செய்த வேலை அது. அந்தப் பாட்டை மறுபடி யாரும் பட வேண்டாம்.

நான் சொல்ல வருவது வேறு. மோட்டார் வந்தபோது அப்பாவுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. மின்சாரத்தில் சலுகை கிடைத்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமே ஆனது. மோட்டார் விற்றவருக்கு லாபம், காயில் கட்டுபவருக்குப் புதுத் தொழில். வால் தைத்தவருக்கு மட்டும் ஒரு அறுவடையில் மரக்கால் நின்றுபோனது. "இனிமே வால் வேலை இல்லையே" என்று ஒரு வரி. அதற்குமேல் பேச்சு இல்லை. தோல் வாரின் இடத்தில் நைலான் கயிறு வந்தது. செருப்பு கடையில் வந்தது. நஷ்ட ஈடு என்று ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

1980-களில் நான் வங்கியில் குமாஸ்தா. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று மாடு, ஆடு, தையல் மிஷின் வாங்க மானியத்தோடு கடன் கொடுத்த காலம். நான் வேலை பார்த்த கிளைக்கு ஒருநாள் அந்தப் பெரியவரின் மகன் கறவை மாட்டுக் கடனுக்காக வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எனக்கு அடையாளம் தெரிந்தது. "உட்காருங்கண்ணே" என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். "அப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருசமாச்சு" என்றார்.

விண்ணப்பத்தில் குடும்பத் தொழில் என்று ஒரு கட்டம். நான் கேட்கவே இல்லை. பழக்கத்தில் "விவசாயக் கூலி" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். கடன் கிடைத்தது, மாடு வாங்கினார், தவணையும் ஒழுங்காகக் கட்டினார். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் நாற்பது வருடம் எத்தனையோ கிணற்றுத் தண்ணீரைக் கசியாமல் மேலே கொண்டுவந்த ஒரு கைத்தொழில், காகிதத்தில் ஏற வாய்த்த ஒரே இடம் அந்தக் கட்டம். அதை விட்டவன் நான். வங்கி வேலையில் எத்தனையோ பேரேட்டைச் சமன் செய்திருக்கிறேன். அந்தக் கட்டம் மட்டும் இன்னும் சமன் ஆகவில்லை.

அருந்ததியருக்குப் பட்டியல் இனத்தவரின் 18 சதவீத இடஒதுக்கீட்டுக்குள் 3 சதவீதம் உள்ஒதுக்கீடு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2009-ல் வந்தது. இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. அந்தப் பெரியவரின் குடும்பத்தில் இன்று ஒரு பேத்தி பள்ளி ஆசிரியை. அவர்கள் அனுமதி கேட்காமல் பெயரை இங்கே எழுதுவது சரியில்லை என்பதால் தவிர்த்திருக்கிறேன்.

நமக்கு

தோல் உடனே தண்ணீரைவிட்டுப் போய்விடவில்லை. பஞ்சாயத்து அடிபம்புகளுக்குள் உள்ள வாஷர் வெகுகாலம் தோலால்தான் இருந்தது. பிறகு ரப்பர் வந்தது. நம் மோட்டாரில் இப்போது இருப்பது வேறு பொருள். வேலை ஒன்றுதான், கசியாமல் பிடிப்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை மாற்றிக் கொடுத்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செலவுக் கணக்கில் "மோட்டார் ரிப்பேர்" என்று ஒரு வரி இருக்கிறது. தொகை இருக்கிறது. ஆள் இல்லை. வேலை முடிந்ததும் அவர் கீழே குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

அசோசியேஷனுக்கு ஒரு சின்ன வேண்டுகோள் வைக்கிறேன். பிளம்பர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக், சாக்கடை அடைப்பு எடுப்பவர், துப்புரவு செய்பவர் என்று நமக்காக வேலை செய்பவர்களின் பெயர், செய்த வேலை, தேதி மூன்றையும் அவர்கள் சம்மதத்தோடு பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வைப்போம். கீழ்த்தளத்தில் அவர்கள் உட்கார ஒரு பெஞ்சும், நாம் குடிக்கும் அதே தண்ணீரும், நாம் குடிக்கும் அதே டம்ளரும் இருக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். ஆதரவு தாருங்கள்.

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் ஊர்க் கிணற்றில் கமலை ஓடியதா என்று கேளுங்கள். ஓடியது என்றால், அதற்கு வால் தைத்தது யார் என்று அடுத்த கேள்வியாகக் கேளுங்கள். பதில் வந்தால் எழுதி என்னிடம் கொடுங்கள். அடுத்த இதழில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட பையனுக்கு என் நன்றி. இந்தக் கட்டுரையை அவனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லி அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.